இரண்டு கை, இரண்டு பட்டன்

பிரஸ் மெஷினுக்குப் புதிதாக வந்த ஆரம்பாக்கத்து அக்காவுக்கு இன்று வேலை சொல்லிக்கொடுத்தேன்.

"தகட்ட உள்ள வைக்கா. கைய வெளிய எடு. ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனையும் ஒண்ணா அமுக்கு. அப்பதான் மெஷின் எறங்கும்."

"இன்னாத்துக்குமா ரெண்டு பட்டன்?"

"ரெண்டு கையும் பட்டன்ல இருந்தா, உள்ள கை இருக்காது இல்ல?"

புரிந்துகொண்டார். பத்து முறை சரியாகச் செய்தார்.

பிறகு தயங்கிக்கொண்டே, "ஒரு பட்டன அமுக்கி டேப் ஒட்டிக்கினா, ஒரு கையாலயே வேகமா வரும்னு சூபர்வைசர் சொன்னாரும்மா" என்றார்.

இடது கையுறையைக் கழற்றிக் காட்டினேன். மூன்றே விரல்கள்.

"எனக்கும் அதத்தான்கா சொன்னாரு."

மதியம் பார்த்தால், அவர் மெஷினில் டேப்.

"டார்கெட் வரலன்னா நாளைக்கு வராதன்னுட்டாரும்மா."

எங்கள் கம்பெனியில் கையுறை கேட்டால் ஒரு மாதம் ஆகும். டேப் உடனே கிடைக்கிறது. உங்கள் கம்பெனியில் எப்படி?