ராத்திரி ஷிப்டும் பகல் ஷிப்டும்

கல்யாணமாகி வெளிநாட்டுக்கு வந்து சேர்ந்ததிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். ஆனால் சேர்ந்து இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. அவருக்கு ரொட்டித் தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்ட். ஊரே போர்த்திப் படுத்திருக்கும்போது அவர் அடுப்புக்கு முன்னால் நின்று சூடான தட்டுகளை இழுத்துக்கொண்டிருப்பார். அவளுக்குக் கடைவீதியில், தரைக்குக் கீழே இருந்த ஒரு தையல் கடையில் பகல் வேலை. பேண்ட்டின் நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, பிய்ந்த ஜிப்பை மாற்றுவது. காலையில் அவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவார், அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போவாள். மாலையில் அவள் திரும்புவதற்குள் அவர் கிளம்பியிருப்பார். கடிகாரத்தின் இரண்டு முள்கூட மணிக்கு ஒரு தடவை சந்தித்துக்கொள்ளும். இவர்களுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடுமுறைதான். ஆனால் வாரம் முழுக்கப் பாக்கி வைத்த தூக்கத்தையெல்லாம் அவர் அன்றைக்குத் தூங்கித் தீர்ப்பார்.

குடித்தனம் நடந்தது பாத்திரங்கள் வழியாகத்தான். அவள் சமைத்து வைத்துவிட்டுப் போவாள். டப்பாவைக் கழுவிக் கவிழ்த்திருந்தால் குழம்பு பிடித்திருந்தது என்று அர்த்தம். மீதி வைத்து மூடியிருந்தால் உப்புக் கூடிவிட்டது. பதிலுக்கு அவர் வேலைக்குப் போகுமுன் பிளாஸ்கில் டீ போட்டு வைப்பார். பாயசம் மாதிரி இனிக்கும். அவள் கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிடுவாள். அம்மா போனில், மாப்பிள்ளை எப்படி என்று கேட்டால், தங்கமான மனுஷன் என்பாள். பொய்யில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு நற்சான்று கொடுப்பது போல இருக்கும்.

பூமி ஆடியது மத்தியான வேளையில்.

அவள் ஒரு பேண்ட்டுக்கு ஜிப் வைத்துக்கொண்டிருந்தாள். தையல் கோணலாக ஓடியது. மெஷினுக்குத்தான் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று அதை வைதாள். அடுத்த நொடி நூல்கண்டுப் பெட்டி சரிந்து, கண்டுகள் கலர் கலராகத் தரையெல்லாம் உருண்டன. விளக்கு போனது. கடை முதலாளியம்மா, தினமும் அவளிடம் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவள், அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெட்டுமேஜைக்கு அடியில் புகுந்தாள். மேலே கொடியில் தொங்கிய துணிகளெல்லாம் பொத்துப் பொத்தென்று விழுந்தன. கீழேயிருந்து ஒரு உறுமல். வயிறு நிறையக் கல்லைத் தின்ற மிருகம் புரண்டு படுப்பது போல. நின்றது என்று மூச்சு விடுவதற்குள் மறுபடி ஒரு ஆட்டம், முதலாவதைவிடப் பெரியதாக.

அது ஓய்ந்ததும் படியேறி வெளியே வந்தார்கள். தெருவில் எல்லோரும் நடுரோட்டில் நின்றுகொண்டு அண்ணாந்து கட்டடங்களையே பார்த்தார்கள். கண்ணாடிச் சில்லுகள் வெயிலில் மின்னின. அவளுக்கு ஒரே ஒரு நினைப்பு: இந்த நேரத்தில் அவர் தூங்கிக்கொண்டிருப்பார். ஜன்னலுக்குக் கருப்புத் திரை போட்டு, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு தூங்குகிற மனுஷன். இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார்.

போன் போகவில்லை. பஸ்கள் போட்டது போட்டபடி நின்றன. கைப்பை கடைக்குள்ளேயே கிடந்தது. கடைக்குள் போடுகிற ரப்பர் செருப்போடு நடக்க ஆரம்பித்தாள். பாலத்தை மூடிவிட்டார்கள், சுற்றிக்கொண்டு போனாள். ஒரு ரொட்டிக் கடையின் சுவர் மட்டும் பெயர்ந்து விழுந்திருந்தது. உள்ளே அலமாரியில் ரொட்டிகள் அடுக்கியது கலையாமல் இருந்தன. ராத்திரி அவர் சுட்டதாகக்கூட இருக்கலாம் என்று தோன்றியதும் அவள் ஒரு கணம் நின்றாள். அப்புறம் ஓட்டமாகவே ஓடினாள்.

அவர்கள் தெரு முனையில் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். ஒரு போலீஸ்காரர், யாரைத் தேடுகிறாய் என்று கேட்டார். கணவரை என்றாள், தனக்குத் தெரிந்த அரைகுறை பாஷையில். எப்படி இருப்பார், என்ன உடுத்தியிருப்பார் என்று அவர் கேட்டார். உயரமாக இருப்பார் என்றாள். மச்சம், தழும்பு ஏதாவது? எந்தக் குழம்புக்கு எத்தனை கரண்டி சோறு சாப்பிடுவார் என்று அவளால் சொல்ல முடியும். முகத்தில் எந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. தாலி கட்டியவனுக்கு அடையாளம் சொல்லத் தெரியாமல் அந்நிய தேசத்து ரோட்டில் நின்றபோதுதான் அவளுக்கு முதன்முதலாக அழுகை வந்தது.

அந்த அழுகையைக் கேட்டு அதே மாடியில் எதிர்வீட்டில் இருந்த பியானோ டீச்சர் கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து ஓடிவந்தாள். தலைமுடியெல்லாம் சுண்ணாம்புத் தூசி. அவர் உயிரோடுதான் இருக்கிறார் என்பதை முதலில் சொன்னாள். அப்புறம் மீதியை நிதானமாகச் சொன்னாள். முதல் ஆட்டத்திலேயே அவர் எழுந்துவிட்டாராம். கருப்புத் திரைக்குள் இருட்டாக இருந்ததால் ராத்திரி என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. கட்டடமே ஆடுகிறது, எல்லோரும் படியில் இறங்கி ஓடுகிறார்கள், இவர் மட்டும் வெளியே வராமல் சமையலறை, குளியலறை என்று ஒவ்வொரு கதவாகத் திறந்து மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டே தேடியிருக்கிறார். டீச்சர்தான் உள்ளே போய் அவர் கையைப் பிடித்து, இப்போது பகல், உன் மனைவி கடையில் இருக்கிறாள் என்று சத்தம் போட்டு இழுத்து வந்தாளாம். இறங்கிய வேகத்தில் அவர் கடையைப் பார்த்து ஓடிவிட்டார்.

அவள் உடனே திரும்பி நடக்கப் பார்த்தாள். டீச்சர் விடவில்லை. நீ அங்கே போவாய், அவர் இங்கே வருவார், இப்படியே ஊரைச் சுற்றப் போகிறீர்களா என்று கேட்டு, பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் உட்கார வைத்தாள்.

வெயில் தாழ்ந்தபோது அவர் வந்தார். கைலி, அதற்கு மேல் யாரோ கொடுத்த கோட்டு, காலில் செருப்பில்லை. தோளில் அவளுடைய கைப்பை. இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு இருந்தது, பழைய தழும்பு. கிட்டே வந்து நின்று, அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

"பையை விட்டுட்டு வந்துட்டியேம்மா" என்றார்.

"கால்ல ரத்தம் வருதுங்க" என்றாள் அவள்.

அவ்வளவுதான் பேசினார்கள். அவர் உட்கார்ந்ததும் அவள் முந்தானையைக் கிழித்துக் காலில் கட்டினாள். கட்டி முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை. அவரும் எடுக்கச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் அந்த மைதானமே வீடாயிற்று. கூடாரம் கொடுத்தார்கள், கம்பளி கொடுத்தார்கள், வரிசையில் நின்றால் சாப்பாடு கொடுத்தார்கள். தொழிற்சாலையில் அடுப்பு விரிசல் விட்டுப்போய் வேலை இல்லை. கடைவீதியையும் பூட்டி வைத்திருந்தார்கள். ராத்திரி ஷிப்டும் பகல் ஷிப்டும் முதன்முறையாக ஒரே கூரைக்குக் கீழே, அதுவும் துணிக்கூரைக்குக் கீழே, விழித்திருந்தன.

ஊரே துக்கத்தில் இருந்தது. அடுத்த தெருவில் ஒரு குடும்பமே போய்விட்டது. அதை நினைத்துப் பேச்சில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஆனாலும் வாய் என்று ஒன்று இருக்கிறதே, கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது. அவள் தூக்கத்தில் உளறுவாள் என்று அவருக்குத் தெரிந்தது. அவர் விடும் குறட்டையில் பக்கத்துக் கூடாரக் குழந்தை எழுந்துகொள்ளும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஒருநாள் வரிசையில் நின்று டீ வாங்கி வந்தவர், அவளுக்குப் பிடிக்குமே என்று இன்னும் இரண்டு கரண்டி சர்க்கரையைப் போட்டார்.

"எனக்கு இனிப்பே ஆகாதுங்க."

அவர் கரண்டியோடு அப்படியே நின்றார். "இத்தனை நாளும் குடிச்சியே? சொல்லியிருக்கலாம்ல?"

"யார்கிட்ட சொல்றது? நீங்கதான் தூங்கிட்டிருந்தீங்களே."

அவர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, டீயைத் தானே குடித்துவிட்டு அவளுக்கு வேறு வாங்கப் போனார்.

பூமி அவ்வப்போது சின்னதாக ஆடிக் காட்டிக்கொண்டே இருந்தது. அப்போதெல்லாம் ஆறடி மனுஷன் கூடாரக் கம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். நெற்றியில் வியர்வை பூத்துவிடும். கழிப்பறைக்குக்கூடக் கட்டடத்துக்குள் நுழைய மாட்டார். அவள் கேலி செய்யவில்லை. கம்பின் மறுபக்கத்தைத் தானும் பிடித்துக்கொள்வாள், இரண்டு பேர் பிடித்தால் பூமி நின்றுவிடும் என்பது போல. போனில் அம்மா, சம்பாதித்தது போதும், உசிரோடு ஊர் வந்து சேருங்கள் என்று அழுதாள். அவள் அவரைப் பார்த்தாள். அவர், உன் இஷ்டம் என்றார். அவளுக்கு இன்னும் முடிவு தெரியவில்லை.

ஒரு நாள், சாமான் எடுத்துக்கொள்ள வீட்டுக்கு ஒருவர் வீதம் உள்ளே விட்டார்கள். அவரால் வாசல்படியைத் தாண்ட முடியவில்லை. நான் போகிறேன் என்று அவள் தலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தீயணைப்புக்காரர் ஒருவரோடு ஏறினாள். பாஸ்போர்ட் மேஜை டிராயரில் பத்திரமாக இருந்தது. துணி எடுக்கப் படுக்கையறைக்குள் போனவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். சுவரோரம் இருந்த பெரிய மர பீரோ கட்டில்மேல் குப்புற விழுந்து கிடந்தது. அவர் தலை வைக்கும் பக்கம் கட்டிலே நொறுங்கியிருந்தது. முதல் ஆட்டத்துக்கு எழுந்து அவளைத் தேடிச் சமையலறைக்குப் போகாமல், ஏதோ சத்தம் என்று புரண்டு படுத்திருந்தால்? வீட்டிலேயே இல்லாத ஒருத்தியைத் தேடப் போனதில் அந்த உயிர் தப்பியிருக்கிறது.

கீழே வந்தாள். எப்படி இருக்கு என்று அவர் கேட்டார். எல்லாம் அப்படியே இருக்கு என்றாள்.

"பீரோ?"

"லேசா சாஞ்சிருக்கு."

அவர் அவள் கையிலிருந்த மூட்டையை வாங்கிக்கொண்டார். "நான் பாத்தேன்மா. டீச்சர் இழுத்துட்டுப் போறப்பவே பாத்துட்டேன். நீ பயந்துடுவியேன்னுதான் சொல்லல."

அவள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே அவர் மார்பில் சாய்ந்துகொண்டாள். தெருவில், பத்துப் பேர் பார்க்க. ஹெல்மெட் விளிம்பு அவர் தாடையில் இடித்தது. பொறுத்துக்கொண்டார்.

அவர்கள் ஊருக்குப் போகவில்லை. ஏன் என்று அம்மாவுக்கு விளக்கிச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. இங்கேயே கொஞ்சம் இருந்து பார்க்கிறோம் என்று மட்டும் சொன்னாள். தொழிற்சாலை திறந்ததும் அவர் மேலாளரிடம் போய், இனி ராத்திரி வேலை வேண்டாம், பகலில் மூட்டை தூக்கச் சொன்னாலும் சரி என்று சொல்லிவிட்டார். மாவு கலக்கும் பகுதியில் போட்டார்கள். பியானோ டீச்சர் விசாரித்துக் கொடுத்த தரைத்தளத்து வீட்டுக்குக் குடிபோனார்கள். ஒரே அறை. கட்டிலைச் சுவரைவிட்டுத் தள்ளிப் போட்டார்கள். பெரிய பீரோ வாங்குவதில்லை என்று இரண்டு பேரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள்.

ஒருமனதாக முடிவானது அது ஒன்றுதான். மற்ற எல்லாவற்றுக்கும் வாக்குவாதம். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா, பல்லைத் தேய்க்கும்போது பாடலாமா கூடாதா, கத்திரிக்காயை எண்ணெயில் வதக்குவதா வேகவைப்பதா. ஒருநாள் போனில் அம்மாவுக்கு இரண்டு குரலும் சேர்ந்தே கேட்டுவிட்டது. என்னடி அங்கே சத்தம், ஏதாவது பிரச்சினையா என்று பதறினாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றாள் இவள். "நாங்க பேசிட்டிருக்கோம்."