பாட்டு அறைக்குப் போட்ட கஞ்சி

என் மருமகள் என்னிடம் முதன்முதலாகக் கேட்ட உதவி, ஒரு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நகர வேண்டும் என்பது. அப்போது மகனுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அதுவரை நாங்கள் இரண்டு பேரும் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு சாயா ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடலாம். அவள் மலையாளப் பெண், படித்தவள். நான் நாலாம் கிளாஸ். பிடிக்காமல் இல்லை. எனக்கு வாய் வராது, அவ்வளவுதான். சோற்றை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவேன்.

எர்ணாகுளத்தில் பாட்டுப் பதிவு செய்கிற ஓர் இடத்தில் அவள் வேலை பார்த்தாள். பாடுகிறவள் இல்லை. பாடினதையும் வாசித்ததையும் தனித்தனியாக வாங்கி, எது எவ்வளவு கேட்க வேண்டும் என்று பார்த்துச் சேர்க்கிற வேலை. அந்த இடத்தை மூடிவிட்டார்கள். இனி வீட்டிலேயே செய்கிறேன் என்று எங்கள் மட்டாஞ்சேரி வீட்டின் மாடி அறையைக் கேட்டாள். நாங்கள் துணி வெளுத்துத் தேய்க்கிற குடும்பம். தேய்த்த மூட்டைகள் இருந்த அறை அது. மூட்டைகளைக் கீழே இறக்கிக் கொடுத்தேன்.

ஒருவரிடம் பத்துப் பாட்டு இருந்தது. முதல் பாட்டு சரியாக வந்தால் மீதி ஒன்பதும் இவளுக்குத்தான். வராவிட்டால் பெங்களூரில் ஒரு வேலை இருக்கிறது, தானும் அவளும் அங்கே போகவேண்டி வரும் என்று மகன் மெதுவாகச் சொன்னான். நான் "ம்" என்றேன். அன்றைக்குக் குழம்பில் உப்பு போடவில்லை. இரண்டு பேரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

அறையின் இரண்டு மூலையில் மூட்டை வைக்கிற பலகை அடித்திருந்தது. ஸ்பீக்கர் இரண்டையும் அதிலேயே ஏற்றிவைத்து, அறைக்கு நட்டநடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். நாலு நாளில் பாட்டை முடித்து அனுப்பினாள். திரும்பி வந்தது. திம்மென்று வருகிற அடிச் சத்தம் அதிகம், காரில் போட்டால் கண்ணாடியெல்லாம் அதிர்கிறது என்றார்களாம்.

"இங்கே கேட்டா குறைவாத்தானே இருக்கு!" என்று புலம்பினாள். நான் சாயாவோடு வாசலில் நின்றேன். வாங்க எழுந்து வந்தவள் என் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மே, இங்கே நின்னா நெஞ்சுல இடிக்குதே!"

"எப்பவும் இடிக்குமே."

"சொல்லலையே?"

"பாட்டே அப்படித்தான்னு நினைச்சேன்."

மகன் கீழேயிருந்து சிரித்தான். "அம்மாகிட்ட வாயைத் தவிர எல்லாம் இருக்கு. காது கூட இருக்கு பாரு."

நாலு சுவரும் ஒரே நீளமாக இருக்கிற அறையில் அடிச் சத்தம் மூலையிலும் சுவரோரத்திலும் போய்க் குவிந்துகொள்ளும், நடுவில் இல்லாமலே போய்விடும் என்று அப்புறம் எனக்குச் சொன்னாள். நடுவில் உட்கார்ந்தவளுக்குக் கேட்கவில்லை, அதனால் கூட்டிக்கூட்டி வைத்திருக்கிறாள். ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து எடுத்து, சுவரை விட்டுத் தள்ளி, அவள் காது உயரத்துக்கு மர ஸ்டாண்டில் வைத்தோம். நாற்காலியை நடுவிலிருந்து முன்னுக்கு நகர்த்தினாள். ஸ்பீக்கருக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள தூரமும், ஒவ்வொன்றுக்கும் அவள் தலைக்கும் உள்ள தூரமும் ஒன்றாக இருக்கவேண்டும் என்றாள். துணி உலர்த்துகிற கயிற்றில் முடிச்சுப் போட்டு நான்தான் அளந்து கொடுத்தேன்.

பிறகு கண்ணாடி. மகன் சவரம் செய்கிற கண்ணாடியைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து நான் நகரவேண்டும். நாற்காலியில் இருக்கிற அவளுக்கு அதில் ஸ்பீக்கர் தெரிகிற இடம்தான் சத்தம் சுவரில் தட்டிக் காதுக்கு வருகிற இடமாம். அங்கே மெத்தை மாதிரி ஒன்றை மாட்டினால் தட்டாது.

"இன்னும் கொஞ்சம்... இன்னும்... நில்லு, நில்லு! அய்யோ, நில்லுங்க அம்மே!"

ஸ்பீக்கர் வருவதற்கு முன் கண்ணாடியில் அவள் முகம் வந்தது. அவளுக்கு என் முகம் தெரிந்திருக்கும். அத்தனை நாளில் அவள் கண்ணை நான் நேராகப் பார்த்ததில்லை. வெட்கத்தில் கை சாய்ந்துவிட்டது.

"இப்ப எனக்கு ஃபேன்தான் தெரியுது" என்றாள்.

இரண்டு பேரும் சிரித்தோம்.

தோப்பும்படியில் ஒரு பட்டறையில் ஆறு மரச்சட்டம் செய்யச் சொல்லி, அதற்குள் அடைக்க ராக்வூல் என்கிற பஞ்சை மகன் வாங்கிவந்தான். தொட்டால் உடம்பெல்லாம் அரிக்கும். அதன்மேல் இழுத்துக் கட்ட அவள் பருத்தித் துணி எடுத்திருந்தாள். ஒரே தூசி. "அம்மே, ஒண்ணு அலசித் தருவீங்களா?" என்று கேட்டாள்.

கேட்டுவிட்டாள் அல்லவா! எங்கள் கையில் கஞ்சி போடாத துணி வெளுத்த துணியே இல்லை. அரிசிக் கஞ்சியை வடிகட்டி, கல்யாண வேட்டிக்குப் போடுகிற அளவுக்குக் கெட்டியாகப் போட்டேன். வெயிலில் காயவைத்து, தண்ணீர் தெளித்து, பெட்டி வைத்து அழுத்தித் தேய்த்தேன். அது தானாகவே நிற்கும். சட்டத்தில் இழுத்துக் கட்டினபோது ஒரு சுருக்கம் இல்லை. மகன் தட்டிப் பார்த்து, "மத்தளம் மாதிரி இருக்கும்மா" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது. சட்டங்களைச் சுவரில் மாட்டினோம்.

அடிச் சத்தம் சரியாகிவிட்டது. ஆனால் ஜால்ரா, பாடுகிறவளின் 'ச', எல்லாம் ஊசி மாதிரிக் குத்துகிறது என்றாள். ஸ்பீக்கரைத் திருப்பினாள், தள்ளினாள், கிட்ட வைத்தாள். குத்துவதைக் குறைத்துக் குறைத்துப் பாட்டை அனுப்பினாள். அதுவும் திரும்பியது. இந்த முறை, கம்பளி போர்த்திப் பாடின மாதிரி இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் கடைசியாக ஒரு தடவை பார்க்கலாம் என்றார்கள். அது புதன்கிழமை.

அன்று சாயங்காலம் அவள் பெங்களூருக்குப் போன் செய்தாள். பிறகு மகனிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "ரூம்தான் சரியில்ல சேட்டா. துணியில தப்பு இருக்காது. ஊதிப் பார்த்துத்தானே எடுத்தேன்." மிச்சத் துணியை வாயில் வைத்து ஊதிக் காட்டினாள். "காத்து போற துணியில சத்தமும் போகும். உள்ளே போய்ப் பஞ்சுல அடங்கிடும்."

என் கையில் இருந்த முறம் அப்படியே நின்றது. கஞ்சி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா? துணியின் கண்ணை அடைக்கும். கஞ்சிச் சட்டை போட்டவன் மீன மாசக் கோடை வெயிலில் வேர்த்துச் சாவான், காற்றே புகாது. அவள் அலசத்தான் சொன்னாள். கஞ்சி போடச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை முழுக்கச் சொல்ல நினைத்தேன். சொன்னால் கோபித்துக்கொண்டு போய்விடுவாளோ. சொல்லாவிட்டாலும் போய்விடுவாள். அப்படியும் வாய் வரவில்லை. அலமாரியின் மேலிருந்த பயணப் பெட்டியை அவள் எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் குளிக்கப் போன நேரம் நான் மாடிக்கு ஏறினேன். எனக்கே ஒரு சந்தேகம், ஒருவேளை காற்று போகுமோ என்று. சட்டத்தில் வாயை வைத்து ஊதினேன். ஊதின மூச்செல்லாம் என் முகத்திலேயே வந்து விழுந்தது. அடுத்த சட்டத்திலும் வைத்து ஊதினேன்.

"அம்மே, சுவருக்கு முத்தம் குடுக்கறீங்களா?"

தலையில் துண்டோடு வாசலில் நிற்கிறாள். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "காத்து போகல மோளே. நான் கஞ்சி போட்டேன். கல்யாண வேட்டிக்குப் போடற மாதிரி கெட்டியா போட்டேன்."

அவள் வந்து தானும் வாயை வைத்து ஊதினாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது.

"எப்ப தெரியும்?"

"புதன்கிழமை."

"ரெண்டு நாளா ஏன் சொல்லல? நான் இந்த ரூமைத் திட்டிக்கிட்டு இருந்தேனே."

"நீ போயிருவியோன்னு பயம்."

இதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டுவிட்டது. கையை நீட்டி என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்து, பக்கத்தில் உட்காரவைத்தாள். "சொல்லாட்டித்தான் போயிருப்பேன்" என்றாள். கண்ணைத் துடைத்தாள். அப்புறம், "கல்யாண வேட்டியா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

ஆறு சட்டத்திலும் துணியில் அடித்திருந்த பின்களைப் பிடுங்கினோம். நான் கொதிதண்ணீரில் ஊறவைத்து மூன்று தண்ணீர் அலசினேன். கஞ்சி போடுவதைவிட இறக்குவது கஷ்டம். மழை வேறு. ஃபேனுக்குக் கீழே கொடி கட்டி உலர்த்தினோம். உலர்ந்த ஒவ்வொன்றையும் இரண்டு பேரும் மாறி மாறி ஊதிப் பார்த்தோம். பழக்கத்தில் நான் தேய்ப்புப் பெட்டியை எடுத்துவிட்டேன். அவள் என் கையைப் பிடித்தாள். "வேண்டாம்மே, சுருக்கம் இருந்துட்டுப் போகட்டும்." எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள், தேய்க்கிறவள் வீட்டில்.

சனிக்கிழமை மத்தியானம் மாட்டி முடித்து அவள் கை தட்டினாள். தட்டின சத்தம் சுவரில் மோதித் திரும்பாமல் அதோடு நின்றது. ஞாயிற்றுக்கிழமை பாட்டைத் திரும்பச் சேர்த்து அனுப்பினாள். திங்கட்கிழமை பதில் வரவில்லை. செவ்வாய்க்கிழமை மீன் கழுவிக்கொண்டிருந்தேன், படியில் தடதடவென்று இறங்கிவந்தாள். அடுத்த பாட்டை அனுப்புகிறார்களாம். பெங்களூருக்கும் அவளே போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டாள். நான் கழுவின மீனையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

இப்போது அவள் வேலை செய்யும்போது பின் சுவரோரம் ஒரு முக்காலி போட்டு என்னை உட்காரச் சொல்கிறாள். ஆள் உட்கார்ந்திருந்தால் உடம்பும் சத்தத்தைக் குடிக்குமாம், அறை இன்னும் நன்றாக இருக்குமாம். மெலிந்த இந்த உடம்பு எவ்வளவு குடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. மகனைக் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறான். அடுப்பைப் பார்க்க நான் எழுந்தால், திரும்பாமலே, "அம்மே, சத்தம் மாறுது" என்கிறாள். உட்கார்ந்துவிடுகிறேன்.