வாயைத் திறந்தால்தான் காதுகுத்து

என் மகளுக்குக் காது குத்துவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். வலிக்குமே என்று ஒரு பயம், சீழ் பிடித்துவிட்டால் என்று இன்னொன்று. தள்ளிப்போட்டால் காது மடல் தடித்து இன்னும்தான் வலிக்கும் என்கிறார் மாமியார். அதுவும் சரியாகத்தான் படுகிறது. எனக்கே பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் குத்தினார்கள். மாமாவின் ஆபரேஷனால் வந்த தாமதம் அது.

அம்மாவின் தம்பி அவர். எங்கள் குடும்பத்தின் முதல் இன்ஜினியர். ஒரகடத்தில் வரிசையாகக் கம்பெனிகள் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில், கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. டார்ச் அடித்து, உலோகத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பாராம். நைட் ஷிஃப்டில் தூக்கத்தை விரட்ட, மற்றவர்களைப் போல அவரும் புகையிலைப் பொட்டலத்தைக் கன்னத்தில் அதக்கினார். அங்கேயே புற்று வந்தது. கன்னத்தில் ஒரு பக்கத்தையும் நாக்கில் பாதியையும் எடுத்தார்கள். புண் ஆறுவதற்குள் கழுத்தில் மறுபடி வந்தது. இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மாமா வீட்டில் உட்காரவில்லை. வேலையை விட்டுவிட்டு, கம்பெனி வேலைக்கு வந்த தெற்கத்திப் பையன்கள் வாடகைக்குத் தங்கியிருந்த அறைகளுக்குப் போய், அவர்களை வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். யார் வாயிலாவது வெள்ளைத் திட்டு தெரிந்தால், அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லி சூப்பர்வைசரிடம் லீவுக்கு வாதாடினார். குழறும் நாக்கோடு வாதாடினார். அதனால் அப்பா அவருக்கு வக்கீல் என்று பெயர் வைத்தார். நானும் அதை நம்பி, எங்கள் மாமா வக்கீல் ஆகிவிட்டார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். கறுப்புக் கோட்டு எங்கே என்று அவரிடமே கேட்டதாகவும் நினைவு.

அப்பாவும் ஷிஃப்டுக்குப் போகிறவர்தான். அவர் கன்னத்திலும் பொட்டலம் உண்டு. மாமாவின் வண்டிச் சத்தம் கேட்டால் பின்வாசல் வழியாக நழுவிவிடுவார். மாமா எவ்வளவு கெஞ்சியும் வாயைக் காட்டவில்லை.

காதுகுத்து குன்றத்தூர் மலைக்கோயிலில். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். மாமா பட்டு வேட்டியும் மாலையுமாக மணையில் உட்கார்ந்தார். ஆசாரி ஊசியைத் துடைத்துத் தயாராக இருந்தார். அம்மா என்னை மடியில் இறக்கப்போன நேரம், மாமா இரண்டு கைகளாலும் மடியை மூடிக்கொண்டார்.

"மாமா மொதல்ல வாயத் தொறக்கட்டும்க்கா. அப்பாலதான் பாப்பா."

அப்பாவை அவர் மாமா என்றுதான் கூப்பிடுவார். முறைக்காரர்களின் கேலி என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள்.

"இன்னா மச்சான், இங்கயும் கேஸா? வூட்டுக்குப் போயி பாத்துக்கலாம்" என்றார் அப்பா.

மாமா கையை எடுக்கவில்லை. எமகண்டம் வந்துவிடும் என்று ஆசாரி முணுமுணுத்தார். சிரிப்பு நின்றது. அப்பாவின் அக்கா முன்னால் வந்தாள்.

"தாய்மாமன் மொறைய வெச்சிக்கினு மெரட்டறியா?"

"ஆமா. எங்கையில இப்ப அது ஒண்ணுதான் கீது" என்றார் மாமா.

அந்தக் குழறல் அங்கே எத்தனை பேருக்குப் புரிந்ததோ, அம்மாவுக்குப் புரிந்தது. அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா மணைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சாமி கும்பிட வந்தவர்களெல்லாம் பார்க்க, வாயைத் திறந்தார். மாமா மாலையை ஒதுக்கிவிட்டு, சட்டைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்தார்.

"அடுத்தது எனக்குப் பாரு வக்கீலு" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள்.

மாமா அப்பாவின் கன்னத்தை விரலால் இழுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு டார்ச்சை அணைத்தார். "நாளைக்கு எங்கூட வர்ற மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு, என்னை மடியில் வாங்கிக்கொண்டார்.

என் முதுகில் அவர் நெஞ்சு இடித்துக்கொண்டே இருந்தது. ஊசிக்கு என்னைவிட மாமாதான் அதிகம் பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

அப்பாவுக்கு அது ஆரம்பக் கட்டம்தான். வெட்டி எடுத்துவிட்டார்கள். இப்போது என் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் திரிகிறார். அவர் வாய் அசைந்தால் என்ன மெல்லுகிறார் என்று கேட்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. மாமா அடுத்த ஆடிக்கு இல்லை.

காது குத்திய அன்று எல்லோரும் என் காதைப் பார்த்து அழகு என்றார்கள். மாமா சீராகக் கொண்டுவந்த தோடு. அழுகையை நிறுத்திவிட்டு, அவர் எதிரில் போய் நின்று தலையை ஆட்டிக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை. பந்தியில் உட்கார்ந்திருந்த அப்பா வடையைக் கடித்து, மென்று, விழுங்குவதையே கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். தானே வாங்கிய தோட்டைப் பார்க்காமல் அப்பா சாப்பிடுவதில் என்ன வேடிக்கை என்று எனக்கு வந்த கோபம், மலை இறங்கும்வரை தீரவில்லை.