வண்டல் என்று நினைத்த சேறு

முத்துப்பேட்டைக்குக் கிழக்கே, உப்பங்கழியை ஒட்டி மூன்று வேலி நிலம் வைத்திருந்தவர் மிராசுதார் இராஜாங்கம். “எனக்குத் தெரியாத மண்ணா?” என்று வாய்க்கு வாய் சொல்லுவார். அப்படியொரு மண் இருந்தது. அது தெரிய வந்தபோது மனிதரால் தலை நிமிர முடியவில்லை.

கோட்டையில் ஆட்சி மாறி இரண்டு வருஷம். கூலி உயர்வு கேட்டு ஊருக்கு ஊர் செங்கொடி ஏறிக்கொண்டிருந்த கோடை. குளத்து வண்டலை வண்டியடித்து வயலில் இறைக்கும் பருவம். குளத்துக்கோ ஆயிரம் போட்டி. இராஜாங்கம் கழியோரம் புதிதாக வெட்டிய வடிகாலில் வந்த கறுப்புச் சேற்றை நாற்பது வண்டி அடித்துக் கீழ்வயலில் கொட்டச் சொன்னார்.

“அய்யா, அழுகுன முட்டையாட்டம் நாறுதுங்க. வண்டல் இப்படி நாறாது. வேணாங்க” என்றாள் பண்ணையில் வேலை செய்த கண்ணாத்தாள்.

“நீ எனக்கு வண்டல் காட்டித் தர்றியா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

காய்ந்த சேற்றுக்கட்டிகளில் வைக்கோல் நிறத்தில் மஞ்சள் பூத்தது. யார் அதைக் கவனித்தார்கள்? சம்பா நட்ட இருபதாம் நாள் இலையெல்லாம் துருப்பிடித்தாற்போல் சிவந்தது. வயல் தண்ணீர் மட்டும் பளிங்காகத் தெளிந்து கிடந்தது. பக்கத்து வயல்கள் பச்சைப்பசேல் என்றிருக்க, இது மட்டும் ஏன்? முந்தின வாரம்தான் கண்ணாத்தாள் கொடி பிடித்து ஊர்வலம் போயிருந்தாள். இராஜாங்கம் ஊரைக் கூட்டி, “இவதான் எதையோ கலந்துட்டா” என்றார். அவள் குடிசை அவர் மனையில் இருந்தது. காலி செய்யச் சொன்னார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவள் வேதாரண்யத்து உப்பளத்துக்குப் பிழைக்கப் போனாள்.

தை மாதம் விவசாய ஆபீசர் யூனுஸ் வந்தார். மண்ணைத் தண்ணீரில் கரைத்து நீலத்தாளை நனைத்தார். தாள் சிவந்தது.

“இது கழிச்சேறுங்க. தண்ணிக்குள்ள கெடக்குற வரைக்கும் சாது. காத்து பட்டா இதுல உள்ள கந்தகம் திராவகமாயிடும். மண்ணுல இருக்குற இரும்பை அளவுக்கு மீறிக் கரைச்சுப் பயிருக்கு ஊட்டிடும். யாருங்க இதை வயல்ல கொட்டுனது?”

“ஆளுங்க தெரியாம கொட்டிட்டாங்க” என்றார் இராஜாங்கம். சொன்ன வாய் கூசியது.

சுண்ணாம்பு போட்டு, தண்ணீர் கட்டிக் கட்டி வடித்தார். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் உப்பளத்துக்கே போய் நின்றார்.

“கண்ணாத்தா, தப்பு என்னுதுதான். திரும்பி வந்துடு.”

அவள் உப்பு வாருவதை நிறுத்தவில்லை. “ஊரைக் கூட்டித்தானே சொன்னீங்க? அங்கேயே இதையும் சொல்லுங்க. வர்றேன்.”

அடுத்த ஊர்க்கூட்டத்தில் இராஜாங்கம் எழுந்தார். துண்டை இறக்கி இடுப்பில் கட்டினார். எல்லா முகமும் அவர் பக்கம் திரும்பியது.

“வாய்க்கா முறை நமக்கு என்னைக்கு வருது?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

மூன்றாம் வருஷம் கீழ்வயல் தேறிவிட்டது. கண்ணாத்தாளின் மனை காலியாகவே கிடந்தது. அந்தப் பக்கம் வழி இருந்தும், இராஜாங்கம் வயலுக்குச் சுற்றிக்கொண்டுதான் போனார்.