புகையிலைக் கொல்லையில் ஒரு புஜுக்

என் தம்பி மிஸ்ராவி பொய் பேசாதவன். போண்டோவோசோ சந்தையில் புகையிலை விற்கும்போது அடிக்கட்டில் ஈர இலை இருந்தால் தானே உருவிக் காட்டுவான். அதனால்தான் அவன் சொன்ன ஒரே பொய்யை ஊர் முழுக்க நம்பியது.

அவன் நிலத்து மேட்டில் நான்கு கற்களின்மேல் ஒரு பெரிய பலகைக்கல் கிடந்தது. அடியில், இஸ்லாம் வருவதற்கு வெகுகாலம் முந்திய ஆட்களின் பிணக்குழி. யாரென்று எவருக்கும் தெரியாது. மிஸ்ராவியும் மனைவி ஹொஸ்னியாவும் மக்காச்சோளச் சோறு தின்பது அதன் நிழலில்தான்.

ஒருநாள் கல்லுடைக்கிற சமன் கடப்பாறையோடு வந்தான்.

"சும்மா கெடக்குற கல்லுதானே? வீட்டு அஸ்திவாரத்துக்கு ஆகும்."

"தொடாதடா! அது எங்க புஜுக். எங்க குலத்து மூத்தவரு அடங்கியிருக்காரு. தொட்டா கை வெளங்காது," என்றான் தம்பி.

சமன் கடப்பாறையைப் போட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டான். ஹொஸ்னியா விழுந்து விழுந்து சிரித்தாள். "மூத்தவரே, சோறு போடட்டுமா?" என்று புருஷனையே கேலி செய்தாள்.

வெள்ளிக்கிழமை கல்லுக்கு ஊராரின் பூ வந்தது. பிறகு வெள்ளைத்துணி, வேலி, பராமரிப்புக் குழு. மேட்டில் புகையிலை நடக்கூடாது என்றார்கள். தம்பி விட்டுக்கொடுத்தான்.

பிறகு ஹொஸ்னியா நோயில் விழுந்தாள். எங்களில் பலர் இறந்தவரைச் சொந்த நிலத்திலேயே அடக்குவார்கள். தம்பிக்கு அந்த மேட்டை விட்டால் மற்றதெல்லாம் நீர் பாயும் வயல்.

"ஆத்தோர மையவாடி ஒரே ஈரம். என்னைய மேட்டுல வையுங்க."

"வெக்கிறேன்."

அவள் இறந்த காலை, குழி வெட்டப் போனவர்களை ஊர்த்தலைவர் மறித்தார்.

"மூத்தவர் தலைமாட்டுல பொம்பளையப் பொதைப்பியா?"

"அது பொய்ங்க, தலைவரே. சமன் உடைச்சிருவானேன்னு நான்தான் சொன்னேன்."

"பாவம். பொண்டாட்டி போன துக்கத்துல ஒளறுறான்."

எனக்குப் பொறுக்கவில்லை. "எங்க தாத்தா மதுராத் தீவுலேருந்து படகேறி வந்தவரு. அதுக்கு முன்ன எங்களுக்கு இங்க ஏது மூத்தவரு?"

சமன்தான் பதில் சொன்னான். "சும்மா இருண்ணே. அன்னைக்குக் கடப்பாறை புடிச்ச கை எனக்கு ஒரு வாரம் வீங்கிக் கெடந்துச்சு."

கூட்டம் தலையாட்டியது. பொழுதோடு அடக்கியாக வேண்டும், மையவாடிக்குத் தூக்கினோம். மழைக்காலம். வெட்ட வெட்ட நீர் ஊறியது. தம்பி குழிக்குள் இறங்கி வாளியால் மொண்டு மொண்டு கொடுத்தான். நான் வாங்கி ஊற்றினேன்.

"போதும்பா, மையித்த எறக்கணும்," என்றார் தலைவர்.

"இன்னும் ஒரு வாளிண்ணே," என்றான் என்னிடம்.

மொண்டான். நீர் அவன் கணுக்காலில் அதே அளவில் நின்றது.