வரதன் அண்ணையின் வலது கை

வரதன் அண்ணை போய்விட்டார். நேற்று விடிய. சற்றுமுன் அவருடைய மனைவி ரதி அக்கா ஃபோனில் சொன்னார்.

கனடாவில், ஸ்காபரோவில் ஒரு கோழித் தொழிற்சாலையில் நாங்கள் ஒன்றாக வேலை செய்தோம். அவர் வெட்டும் லைனில், நான் லேபிள் ஒட்டும் இடத்தில்.

அவரைப் பின்னால் நின்று தொடக்கூடாது. புதிதாக வந்த ஒருவனுக்கு அது தெரியவில்லை... தோளில் தட்டினான். அடுத்த கணம் அவனுடைய கழுத்து அண்ணையின் வலது கையில், தலை சுவரில். நாலைந்து பேர் சேர்ந்துதான் அந்த விரல்களைப் பிரித்தோம்.

திரும்புவதற்கு முன்பே அவர் கத்தியைக் கீழே போட்டிருந்தார். அதை நான் பார்த்தேன். மனேஜரிடம் சொன்னேன். வேலை தப்பியது.

வீட்டில் இதைவிட மோசம். நித்திரையில் அவரை யாரோ அடிப்பார்கள், அவர் திருப்பி அடிப்பார். அடி விழுவது ரதி அக்காவுக்கு.

ஒரு கோடையில் அக்காவின் கழுத்தை நெரித்தே விட்டார். அதன் பிறகு வேறு அறையில், வலது கையைத் தான் உடுக்கும் பழைய சாறனால் கட்டிலோடு கட்டிக்கொண்டு படுத்தார். இடது கையாலும் பல்லாலும் முடிச்சுப் போடுவாராம்.

குடும்ப டொக்டரின் குளிசைகள் சரிவரவில்லை. ஒன்லைனில் ஒரு டொக்டர் விசாரித்துவிட்டு மெடிக்கல் கஞ்சாவுக்கு அனுமதி கொடுப்பார் என்று அக்கா கேள்விப்பட்டார். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

"ஊரில கஞ்சா அடிக்கிறவனைக் கண்டா மற்றப் பக்கத்தால போறனான். இப்ப நானே கார்ட் எடுக்கப்போறன்" என்று சிரித்தார் அண்ணை. தலைக்குத் தோய்ந்து, சேர்ட் அயர்ன் பண்ணி, திருநீறு பூசி, லப்டொப்பின் முன் நிமிர்ந்து இருந்தார்.

டொக்டர் ஒரு இளம் பெண். அன்பாகத்தான் கேட்டார். உடம்பில் நோ இருக்கிறதா? நித்திரை வருகிறதா? யாரையாவது அடித்ததுண்டா?

எல்லாவற்றுக்கும் ஒரே பதில். "ஒண்டுமில்லை."

மேசைக்குக் கீழே அவர் காலைத் தட்டினேன். "அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. அவ ஆமி இல்லை."

"தெரியும் பிள்ளை. ஆனா கேள்வி கேட்டா வாய் அதைத்தான் சொல்லுது. ஆமிக் காம்பில ஒவ்வொரு கேள்விக்கும் மண் நிரப்பின பைப்பால அடிப்பாங்கள். ஒண்டுமில்லை எண்டவன்தான் வெளியில வந்தவன். ஓம் எண்டவன் வரேல்லை."

அவருக்கு இது தேவைப்படுவதாகத் தெரியவில்லை என்றார் டொக்டர். நான் மொழிபெயர்க்க முன்பே அண்ணைக்கு விளங்கிவிட்டது.

வலது கை மேசையில் இறங்கியது. தேத்தண்ணிக் கோப்பை நொறுங்கி, உள்ளங்கை கிழிந்து, லப்டொப் முழுக்க இரத்தம். திரையில் டொக்டர் கதிரையோடு பின்னால் நகர்ந்தார்.

குசினியிலிருந்து வந்த அக்கா அவரைத் தள்ளிவிட்டுக் கமராவின் முன் இருந்தார். அந்த வெக்கையிலும் கழற்றாத சால்வையை அவிழ்த்தார். கழுத்தில் ஐந்து விரல்களும் பதிந்து கிடந்தன... நீலமாக, ஓரங்களில் மஞ்சளாக.

"நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு பிள்ளை. இது இவர் செய்தது. எழும்பிக் கண்டிட்டுக் குழறி அழுதவர். எனக்கு இவரில பயமில்லை, இவற்ர நித்திரையிலதான் பயம். எனக்கு இவருக்குப் பக்கத்தில படுக்கவேணும்."

அப்படியே சொன்னேன்.

வீட்டில் உங்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று டொக்டர் முதலில் அக்காவைக் கேட்டார். பிறகு அண்ணையை ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். அனுமதியும் கொடுத்தார்.

தபாலில் கஞ்சா எண்ணெய்ப் போத்தல் வந்த அன்று அக்கா அதைச் சாமிப் படத்தடியில் வைத்துக் கும்பிட்டார். "இஞ்சரும், எடும் அதை... சாமிக்கும் ஏறப்போகுது" என்றார் அண்ணை.

உடனே ஒன்றும் மாறவில்லை. மாதங்கள் எடுத்தன. ஆனால் ஒருநாள் போனபோது அந்தச் சாறன் துண்டு துண்டாக வெட்டப்பட்டு, குசினியில் பிடிதுணியாகக் கிடந்தது.

இன்று அக்கா அழவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"நித்திரையிலதான் பிள்ளை. நெஞ்சடைப்பாம். நான் எழும்பேக்க அவற்ர கை என்ர கழுத்தடியில கிடந்தது. சும்மா... வைச்சபடி. நான் எடுக்கேல்லை. கனநேரம் அப்பிடியே கிடந்தன்."

படுங்கோ அண்ணை. இனி உங்களை ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டினம்.