ஃபெயிலாக வேண்டிய பரீட்சை

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு வீட்டுக்கே வந்து பார்க்கிறோம் என்று ராணுவ அலுவலகத்திலிருந்து போன் வந்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கையில் கரண்டியோடு அறைக்குள் ஓடி, "வராங்களாம்! டாக்டரே வராங்களாம்!" என்று கத்தினேன். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்த என் கணவர், "கரண்டியைக் கீழ வை மாஸ்டர். சாம்பார் என் மேல சொட்டுது" என்றார்.

மாஸ்டர் என்பது அவர் எனக்கு வைத்த கிண்டல் பெயர். அடையாறில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகும் அதை விடவில்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் மலைப்பாதையில் ராணுவ லாரி ஒன்று உருண்டது. உள்ளே இருந்த அவருக்குக் கழுத்தில் தண்டுவடம் அடிபட்டது. இடுப்பும் கால்களும் போயின. கைகளைத் தூக்க வரும், விரல்கள் மடங்காது. "அந்த டிரைவர் உன்கிட்ட படிச்சிருந்தா நான் இப்ப நடந்துகிட்டிருப்பேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அதற்கு நான் சிரிக்க மூன்று வருடம் பிடித்தது.

விபத்து நடந்த அன்றோடு என் வேலை போயிற்று. வேறு வேலை வந்து உட்கார்ந்தது. என் போனில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் அடிக்கும். அவர் படுத்திருந்தால் திருப்பிப் போட வேண்டும், சக்கர நாற்காலியில் இருந்தால் தூக்கி இடம் மாற்றி உட்காரவைக்க வேண்டும். தவறினால் அழுந்திய இடத்தில் தோல் உடைந்து புண் வைக்கும். மயிலாப்பூர் குளத்துக்கு இரண்டு சந்து தள்ளி இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காய்கறிக்கு மாடவீதி போனாலும் அலாரத்தைப் பார்த்துக்கொண்டே போய்வருவேன். தி. நகருக்குப் புடவை எடுக்கப் போவதென்றால் அது எனக்கு வெளிநாட்டுப் பயணம்.

எந்நேரமும் ஒருவர் கூடவே இருந்தாக வேண்டிய நிலையிலுள்ள முன்னாள் படைவீரர்களுக்கு, ஓய்வூதியத்தோடு துணையாளுக்கென்று அரசாங்கம் தனியாக ஒரு படி தருகிறது. இத்தனை வருடம் அது எங்களுக்குத் தெரியாது. ராணுவக் கேன்டீன் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு பழைய ஹவில்தார் சொல்லித்தான் தெரிந்தது. மனு போட்டோம். அதை விசாரிக்கத்தான் டாக்டர் வருவதாக இருந்தது. அது கிடைத்தால் காலை எட்டிலிருந்து ஒன்றுவரை இந்த வேலை பழகிய ஆள் ஒருவரை வைத்துக்கொள்ளலாம். நான் மறுபடியும் கிளட்ச் மிதிக்கலாம்! பழைய டிரைவிங் ஸ்கூல் அம்மா எனக்காக ஓர் இடத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, எப்போது வருகிறாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். படி அனுமதியான கடிதம் வந்தால் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

ஆகவே வீட்டை ஒரு கை பார்த்தேன். ஜன்னல் கம்பிகளைத் துடைத்தேன், திரைச்சீலை மாற்றினேன். மாடியில் குடியிருக்கும் வீட்டுக்கார மாமி இறங்கி வந்து, மூலையில் நின்ற கமோட் நாற்காலியைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். "ஆபீஸர்லாம் வரா, இதையா காட்டுவே? எங்காத்துல கொண்டு வெச்சுடு. ரப்பர் ஷீட்டையும் எடுத்துண்டு வா" என்றார். கமோட் நாற்காலி, ரப்பர் விரிப்பு, கையுறை டப்பா, சிறுநீர் டியூப் பெட்டி எல்லாம் மாடி ஏறின. அறை பளிச்சென்று ஆனது. அங்கே நோயாளி இருக்கிறார் என்று யாராலும் சொல்ல முடியாது.

என் கணவர் அதற்கு மேல். மூன்று நாளாகக் காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்துச் சிந்தாமல் குடிக்கப் பயிற்சி எடுத்தார். வியாழக்கிழமை காலை, பெட்டியிலிருந்து கோட்டை எடுக்கச் சொன்னார். டையும் படைப்பிரிவு பெல்ட்டும் வேண்டும் என்றார். பேன்ட்டைப் போட்டுவிட எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. எப்போதும் நாற்காலியின் பக்கத்தில் தொங்கும் சிறுநீர்ப் பையை, வெளியே தெரியக் கூடாது என்று பேன்ட்டுக்குள் காலோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். பெல்ட்டை இறுக்கினேன். "இன்னும் ஒரு ஓட்டை" என்றார். இன்னும் ஓர் ஓட்டை இறுக்கினேன். மாப்பிள்ளை மாதிரி இருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சொன்னபடி பதினொரு மணிக்கு வந்தார்கள். டாக்டர் ஒரு பெண் மேஜர், சீருடையில் இருந்தார். கூட ஒரு கிளார்க், கையில் படிவம். இவர் மடங்காத விரல்களை நெற்றிக்குக் கொண்டுபோய் சல்யூட் வைத்தார்.

"டம்ளர் பிடிப்பீங்களா?"

"யெஸ் மேடம்!" மாமி கொண்டுவந்த காபியை ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்துக்காட்டினார்.

"நீங்களே சாப்பிடுவீங்களா? டிரெஸ் பண்ணிக்குவீங்களா?"

"யெஸ் மேடம்! நோ பிராப்ளம் மேடம்!"

அடப்பாவி மனுஷா என்று நினைத்தேன், ஆனாலும் பெருமையாகத்தான் இருந்தது. டாக்டர் அவரை முன்னால் சாய்த்து முதுகைப் பார்த்தார், குதிகாலைப் பார்த்தார். "பதினோரு வருஷத்துல ஒரு புண்கூட வரலையா?" என்று என்னைக் கேட்டார். "ஒண்ணுகூட வந்ததில்ல மேடம்" என்றேன், முதல் மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி.

டாக்டர் கிளார்க் பக்கம் திரும்பினார். "ரொம்ப நல்லா இருக்கார். பெரும்பாலும் தானே சமாளிச்சுக்கறார்னு எழுதிக்குங்க."

அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. பரீட்சை என்றால் பாஸாகத்தான் எங்கள் இருவருக்கும் தெரியும். இது ஃபெயிலாக வேண்டிய பரீட்சை என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. கிளார்க்கின் பேனா ஓடியது. அடையாறு, கார், கிளட்ச் எல்லாம் அந்தப் பேனாவோடு ஓடிப்போனது. எனக்கு ஆத்திரமான ஆத்திரம், அவர்மேல், மாமிமேல், என்மேல்.

கோபத்தில் இவரை முறைத்தேன். முறைத்ததால் கண்ணில் பட்டது. மேலுதட்டில் வியர்வை. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. முகம் சிவந்திருந்தது. நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார், ஆனால் கண்ணை இறுக்கி இறுக்கித் திறந்தார். அப்படித் திறந்தால் தலை வெடிக்கிறது என்று அர்த்தம். எங்கோ டியூப் மடங்கி, சிறுநீர் போகாமல் அடைத்து, ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறுகிறது என்று அர்த்தம். விட்டால் உயிருக்கே ஆபத்து. இவ்வளவையும் யோசித்ததாக நினைவில்லை. அதற்குள் நான் அவர்முன் மண்டியிட்டிருந்தேன்.

"படுக்க வைக்கட்டுமா?" என்று பதறினார் கிளார்க்.

"கூடாது! உக்காந்தே இருக்கணும்!" என்று அவரை அதட்டினேன். பெல்ட்டை உருவி எறிந்தேன். ஒரு மேஜர் முன்னால், ஒரு கிளார்க் முன்னால், வீட்டுக்கார மாமி முன்னால் பேன்ட்டை அவிழ்த்தேன். பெல்ட் அழுத்திய இடத்தில் டியூப் இரண்டாக மடிந்திருந்தது. நிமிர்த்தினேன். பையில் சிறுநீர் இறங்கும் சத்தம் கேட்டது. டையைத் தளர்த்தி, முகத்தைத் துடைத்து, "தலைவலி இறங்குதா?" என்று கேட்டேன். "இறங்குது" என்றார். டாக்டர் அதற்குள் ரத்த அழுத்தக் கருவியை அவர் கையில் சுற்றியிருந்தார். அளவு இறங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவங்க பாக்கலன்னா?" என்று டாக்டர் மெதுவாக அவரிடம் கேட்டார்.

இவர் அவிழ்ந்த பேன்ட்டோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். "கரெக்ஷன் மேடம். நான் சொன்னது தப்பு" என்றார். பிறகு மேலதிகாரிக்கு ரிப்போர்ட் கொடுக்கிற குரலில் சொல்ல ஆரம்பித்தார். "காலைல அஞ்சு மணிக்குத் திருப்பிப் போடுவாங்க. கண்ணாடி வெச்சு முதுகு பாப்பாங்க. அஞ்சரைக்குக் கமோட் நாற்காலி. அது இப்ப மாடில ஒளிச்சு வெச்சிருக்கு மேடம். ஆறரைக்குக் குளியல். ஏழுக்குக் கால் ரெண்டையும் நூறு தடவை மடக்கி நீட்டுவாங்க. எண்ணிக்கிட்டே இருக்கப்ப அறுபதுக்கு மேல குரல் கம்மும், ஆனா நிறுத்தமாட்டாங்க…"

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் கால்களை மடக்கும்போது அவர் டிவியில் நியூஸ் பார்த்துக்கொண்டிருப்பார். எதையும் கவனிக்காத மனுஷன் என்று எத்தனை நாள் மனசுக்குள் திட்டியிருக்கிறேன்! நான் செய்வதை ஒரு மணி விடாமல், ராத்திரிக் கடைசி வேலை வரை எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

"ராணுவத்துல காவல் நின்னா ரெண்டு மணி நேரத்துல மாத்தி விட ஆள் வருவான் மேடம். ரிலீவர்னு சொல்லுவோம். இவங்களுக்குப் பதினோரு வருஷமா ரிலீவர் வரல."

டாக்டர் கிளார்க்கிடம், "அந்த ஷீட்டை எடுத்துடுங்க. புதுசா எழுதுவோம்" என்றார். மாமி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த நாற்காலியை நானே எடுத்துண்டு வரேன்" என்று மாடிப்படி ஏறினார்.

கடிதம் வந்த அன்று நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தேன், வேறொன்றும் வீட்டில் இல்லை.

துணையாளாக வந்தவர் மந்தைவெளிக்காரர், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துப் பழகியவர். முதல் நாள் எட்டு மணிக்கு நான் மூன்றாவது முறையாக டியூப்பைக் காட்டியபோது, "இன்னாக்கா, இன்னும் கெளம்பலியா? சாரை நான் பாத்துக்கறேன், நீ போக்கா" என்றார். என் கணவர் சல்யூட் வைத்தார். திருப்பிச் சல்யூட் வைக்கத் தெரியாமல் நான் கையை ஆட்டிவிட்டு ஓடினேன்.

அடையாறில் என் முதல் மாணவி, வங்கியில் வேலை பார்க்கும் ஐம்பது வயது அம்மாள். மெயின் ரோட்டில் பஸ் ஒன்று ஹாரன் அடிக்க, வண்டியை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எனக்கு ஒரே சந்தோஷம். பதினோரு வருடமாக இந்த ஹாரனுக்குத்தான் ஏங்கியிருக்கிறேன்! வண்டியை ஓரம் கட்டவைத்துத் தைரியம் சொல்லிக்கொண்டிருக்கும்போது என் போனில் அலாரம் அடித்தது.

பத்து மணி. என் இரண்டு கைகளும் அவரைத் தூக்குவதற்குத் தாமாகவே நீண்டுவிட்டன. அந்த அம்மாள் என்னைப் பயத்தோடு பார்த்தார். அலாரத்தை நிறுத்தப் போனபோது திரையில் ஒரு செய்தி வந்து நின்றது. விரல் முட்டியால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி அவர் அனுப்பியிருந்தார்.

"திருப்பியாச்சு மாஸ்டர். நீ ரோட்டைப் பாரு."

இரண்டு முறை படித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஃபர்ஸ்ட் கியர் போடுங்கம்மா, போகலாம்" என்றேன்.